முதலில் பிரேக், பிறகு வேகம்

1994ஆம் ஆண்டு அறிமுகமான பெரொடுவா கஞ்சில், சொந்த மகிழுந்து எனும் கனவை எளிய குடும்பங்களுக்கும் நனவாக்கியது. அதன் 660 சிசி இயந்திரத்தை அகற்றிவிட்டு, டர்போ கொண்ட டைஹாட்சு மீரா இயந்திரத்தைப் பொருத்தும் வழக்கம் பின்னர் இளைஞர்களிடையே பரவியது. பலர் இயந்திரத்திற்கே முதலில் பணம் செலவிடுகின்றனர். இது தவறான வரிசையாகும்.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம் 120 ஆகும்போது, பிரேக்கை அழுத்திய பின் மகிழுந்து நிற்கத் தேவைப்படும் தூரம் ஏறத்தாழ நான்கு மடங்காகிறது. கஞ்சிலின் பிரேக்கும் டயரும் அதன் சிறிய இயந்திரத்திற்கென அமைந்தவை. ஆகவே, அவற்றையும் அதிர்வுதாங்கிகளையும் மேம்படுத்திய பின்னரே இயந்திரத்தில் கைவைக்க வேண்டும். இயந்திர மாற்றத்திற்குச் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதியும் வாகனச் சோதனையும் அவசியம்.

எனினும், இவ்வார்வத்தை அடியோடு தடுப்பது முறையன்று. புரோட்டோனைச் செலுத்தியே கரம்ஜிட் சிங் 2002ஆம் ஆண்டு உற்பத்தி மகிழுந்துப் பிரிவின் உலக ராலிப் பட்டத்தை வென்றார். திறமைக்கு உரிய களம் பந்தயத் தடமே. புக்கிட் பெருவாங் இளைஞர்களுக்கு அண்மையிலுள்ள ஆயர் குரோவிலேயே அத்தகைய தடம் உண்டு. அங்குத் தலைக்கவசமும் கண்காணிப்பும் விதிமுறையும் இருக்கும். சாலையிலோ, வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பும் தொழிலாளி இருப்பார். அவர் எந்தப் பந்தயத்திற்கும் பெயர் கொடுத்தவரல்லர்.