ஜெபம் பண்ணுவது தப்பா, தோழர்?

மாலைப் படிப்பு வட்டம் முடிந்து பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தோம். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் தங்கை ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "தோழர், நான் இன்னும் ராத்திரி பைபிள் படிச்சிட்டுத்தான் தூங்குறேன். தப்பா?" இரண்டு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் அவர் கூனிப்போனதைப் பார்த்தோம். யாரும் கண்டிக்கவில்லை. இன்னொரு தம்பி மெதுவாகச் சொன்னார்: "எங்க வீட்ல நந்தனார் படம் மாட்டியிருக்கு. அதைக் கழட்டணுமா?"

அன்று சரியான பதில் சொல்லாமல் கலைந்துவிட்டோம். அதனால்தான் இந்தப் பதிவு.

1927 டிசம்பர் 25 அன்று மகாத்தில் மனுஸ்மிருதி எரிக்கப்பட்டது நம் எல்லோருக்கும் தெரியும். அந்தப் போராட்டத்துக்குத் தலைமை தாங்கிய அண்ணல் அம்பேத்கர், தீண்டாமையின் தோற்றம் பற்றி 1948இல் எழுதிய நூலை யாருக்குக் காணிக்கையாக்கினார்? நந்தனார், ரவிதாஸ், சோக்காமேளா என்ற மூன்று பக்தர்களின் நினைவுக்கு. அடிமைப்படுத்தும் நூலை எரித்தவர், அடிமைப்பட்டவர்களின் பக்தியை இழிவாகப் பார்க்கவில்லை. இந்த இரண்டையும் சேர்த்துப் பிடிக்க நாம் இன்னும் பழகவில்லை.

அப்படியானால் புனித நூல்களை எப்படிப் படிப்பது? நாங்கள் ஒரு கேள்வியை வைத்துக்கொள்கிறோம்: இந்தக் கதையில் யாரை மாறச் சொல்கிறார்கள்?

பெரியபுராணத்தில் நந்தனார் கோயில் முரசுக்குத் தோலும் வாரும் கொடுக்கிறார். அவர் கொடுத்த தோல் உள்ளே போகலாம், அவர் போக முடியாது. திருப்புன்கூரில் நந்தி விலகுகிறது, அப்போதும் அவர் வெளியேதான் நிற்கிறார். தில்லையில் தீயில் இறங்கி, பூணூல் அணிந்த முனிவராக எழுந்த பிறகே உள்ளே போகிறார். ஆக, மாறியது நந்தனார், வாசல் மாறவில்லை. நந்தனாரின் ஏக்கம் நமக்கு வழிகாட்டலாம். அந்தத் தீ வழிகாட்ட முடியாது. படத்தைக் கழற்ற வேண்டாம் தம்பி, கதையைக் கேள்வி கேளுங்கள்.

பைபிளில் யாக்கோபு நிருபத்தின் 2ஆம் அதிகாரத்தை எடுங்கள். சபைக்குள் மோதிரம் போட்ட பணக்காரருக்கு நல்ல இருக்கை, கந்தை உடுத்திய ஏழைக்குக் காலடி. இப்படி ஆள் பார்த்து நடப்பது பாவம் என்கிறது அந்த நிருபம். அங்கே மாறச் சொல்வது ஏழையை அல்ல, சபையை. இதை வாசிக்கும் தேவாலயங்களிலேயே நம் மக்களுக்குத் தனி வரிசையும் தனிக் கல்லறையும் இருந்தன. கல்லறைச் சுவர்கள் சில ஊர்களில் இன்னும் நிற்கின்றன. ஆகவே நல்ல வசனம் இருப்பதே போதும் என்று யாரும் நம்மிடம் சொல்ல வேண்டாம்.

அரசும் நம் நம்பிக்கைக்குள் கை வைத்திருக்கிறது. 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதி உரிமையை மதத்தோடு கட்டியது. 1956இல் சீக்கியர்களையும் 1990இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். தலித் கிறிஸ்தவர்களும் தலித் முஸ்லிம்களும் இன்னும் வெளியே நிற்கிறார்கள். ஜெபம் பண்ணும் தங்கை அதற்காக உரிமையை இழக்கிறார். போராட்ட வட்டத்திலும் அவர் கேலிக்கு ஆளானால் எங்கே போவார்?

கடவுளை நம்பாத தோழர்கள் எங்களில் பலர் உண்டு. அவர்கள் விவாதிக்கட்டும், அது அவசியம். ஆனால் நம் பாட்டிகள் பட்டினியிலும் அவமானத்திலும் பிடித்துக்கொண்டு நின்ற வார்த்தைகளை ஒரு சிரிப்பில் தள்ளிவிடுவது பகுத்தறிவு ஆகாது.

தங்கையே, நீங்கள் செய்வது தப்பில்லை. அடுத்த வாரம் வரும்போது அந்தப் பைபிளையும் எடுத்து வாருங்கள். தம்பி நந்தனார் கதையைக் கொண்டு வரட்டும். எல்லோரும் சேர்ந்து உரக்கப் படிப்போம். சிரித்த இருவரும் கட்டாயம் வர வேண்டும். கண்டிக்காமல் இருந்த நாங்களும் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கிறது.