"மரபணுக் கோளாறு" என்பது விடுதலைத் தீர்ப்பு அன்று

முதலமடை மாந்தோப்புகளை ஒட்டிய குடியிருப்புகளில் பிறவிக் குறைபாடுகளோடு வளரும் குழந்தைகளைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் ஒரு வாக்கியம் வந்து வாயடைக்கிறது: "இது மரபணுக் கோளாறு, மருந்தடிப்புக்கும் இதற்கும் தொடர்பில்லை." இதன் முற்பாதி சில குழந்தைகளைப் பொறுத்தவரை உண்மையாக இருக்கலாம். ஆனால் முற்பாதியிலிருந்து பிற்பாதி பெறப்படுவதில்லை. உயிரியல் படித்தவர்களே இதைச் சொல்லும்போது, அறியாமை என்று அதை மன்னித்துவிட இயலாது.

பின்னணி எல்லோரும் அறிந்ததே. பாலக்காடு மாவட்டத்தின் தமிழக எல்லையில் உள்ள இவ்வூரின் மாம்பழம், நாட்டின் பிற பகுதிகளுக்கு முன்பே சந்தைக்குப் போவதால் பெயர் பெற்றது. அந்த முந்துதலுக்காகப் பூக்கும் பருவத்திலேயே தத்துப்பூச்சிக்கு எதிராக மருந்து தெளிக்கப்படுகிறது. அம்மருந்துகளில் எண்டோசல்ஃபானும் இருந்தது. கேரளம் அதைத் தடைசெய்த பின்னரும் எல்லை தாண்டி வந்ததாகக் குற்றச்சாட்டுகள் எழுந்தன. 2011 ஏப்ரலில் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை அதை ஒழிக்க வேண்டிய பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. அதே ஆண்டு மே 13 அன்று உச்ச நீதிமன்றம் அதன் உற்பத்தி, விற்பனை, பயன்பாடு மூன்றையும் நாடு முழுவதும் நிறுத்தியது. முந்திரித் தோட்டங்களின்மேல் வானிலிருந்து மருந்து தெளிக்கப்பட்ட காசர்கோடு பொதுநினைவில் இடம்பெற்றது. தரையில் நின்று தெளிக்கப்பட்ட முதலமடை அந்த அளவுக்கு இடம்பெறவில்லை.

இனி அறிவியலுக்கு வருவோம். ஒரு மனித செல் பிரியுமுன் ஏறத்தாழ 600 கோடி கார இணைகளைப் படியெடுக்க வேண்டும். டி.என்.ஏ. பாலிமரேஸ் நொதி காரங்களைத் தேர்ந்து இணைப்பதில் லட்சத்துக்கு ஒன்று என்ற அளவில் பிழை செய்கிறது. அப்படியே விட்டால் ஒவ்வொரு பிரிவிலும் பல்லாயிரம் பிழைகள் தங்கிவிடும். நொதி தானே பின்னோக்கிச் சென்று திருத்துவதாலும், அதற்குப் பின் பொருந்தா இணைகளைக் கண்டு நீக்கும் புரதங்கள் செயல்படுவதாலும், பிழை நூறு கோடிக்கு ஒன்று என்ற அளவுக்கோ அதற்கும் கீழாகவோ குறைகிறது. படியெடுக்காத நேரத்திலும் நீராலும் ஆக்சிஜனாலும் டி.என்.ஏ. நாள்தோறும் ஆயிரக்கணக்கான இடங்களில் சிதைந்து, சீர்செய்யப்படுகிறது. இப்பழுதுபார்ப்பு வழிகளைக் கண்டறிந்த தோமஸ் லிண்டால், பால் மோட்ரிச், அஸீஸ் சான்ஜார் ஆகியோருக்கே 2015ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு அளிக்கப்பட்டது.

ஆக, மரபணு என்பது கல்வெட்டு அன்று. சேதத்துக்கும் சீரமைப்புக்கும் இடையே ஓயாமல் காக்கப்படும் சமநிலை அது. சேதத்தைக் கூட்டும் பொருளும் சரி, சீரமைப்பைக் குலைக்கும் பொருளும் சரி, மரபணுக் கோளாற்றை உண்டாக்கவல்லவை. "மரபணு" என்றும் "சுற்றுச்சூழல்" என்றும் இரண்டு பெட்டிகள் வைத்து, குழந்தையை ஒன்றில் போட்டவுடன் மற்றதை மூடிவிடுவது பாடநூலுக்கே முரணானது.

எண்டோசல்ஃபான் இதில் எங்கே நிற்கிறது? பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சதீஸ் ராகவனின் ஆய்வகம் 2016இல் 'கார்சினோஜெனெசிஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேரடியாகப் பதில் தருகிறது. இந்நஞ்சு செல்லில் வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகளைப் பெருக்கி டி.என்.ஏ.வின் இரு இழைகளையும் முறிக்கிறது. முறிந்த முனைகளை ஒட்டும் பணியும் பிழை மலிந்ததாகிறது. சேதம், சீரமைப்பு என இருபுறமும் அடி விழுகிறது என்பதே இதன் பொருள். இது ஆய்வகச் சான்று. முதலமடையின் எந்தக் குழந்தையின் நோய்க்கும் இது தனியாகத் தீர்ப்புச் சொல்லாது. ஆனால் "வழியே இல்லை" என்ற வாதம் இதோடு முடிந்துவிடுகிறது.

"அப்படியானால் இந்தக் குழந்தையின் சடுதிமாற்றம் அந்த மருந்தால்தான் வந்தது என்று காட்டுங்கள்" என்பது அடுத்த அறைகூவல். இது கடுமையான அறிவியல் போலத் தோன்றுகிறது. உண்மையில், விடை கிடைக்காது என்று தெரிந்தே கேட்கப்படும் கேள்வி இது. புற ஊதாக் கதிரும் அஃப்ளடாக்சினும் டி.என்.ஏ.வில் தமக்கே உரிய தடத்தை விட்டுச்செல்கின்றன. ஆக்சிஜனேற்றச் சேதமோ நூறு காரணங்களுக்குப் பொதுவானது. முறிவை ஒட்டிய தழும்பு, முறித்தது எது என்று சொல்வதில்லை. மேலும், பெற்றோரிடம் இல்லாத அறுபது எழுபது புதிய மாற்றங்களோடுதான் ஒவ்வொரு மனிதரும் பிறக்கிறார். அவற்றுள் ஒன்றை எடுத்து, நஞ்சின் பெயர் எழுதிக் காட்டச் சொல்வது பாதிக்கப்பட்டவரிடம் இயலாததைக் கேட்பதாகும்.

மறுதலையும் கவனிக்கத்தக்கது. மரபணுச் சோதனையில் எதுவும் தென்படவில்லை என்றாலும் நஞ்சு விடுதலை பெறாது. எண்டோசல்ஃபான் நரம்பு மண்டலத்தின் காபா ஏற்பிகளைத் தடுப்பது. ஹார்மோன் இயக்கத்திலும் குறுக்கிடுவது. கருவின் வளர்ச்சியைக் குலைக்க டி.என்.ஏ.வில் ஓர் எழுத்தைக்கூட மாற்றவேண்டிய தேவை இல்லை. சோதனையில் மாற்றம் தெரிந்தால் "பரம்பரை", தெரியாவிட்டால் "சான்றில்லை" என்று இரு வழியும் ஒரே வாசலுக்குப் போகுமானால், அதை ஆராய்ச்சி என்று அழைப்பது தகாது.

நேர்மையான எதிர்வாதம் ஒன்று உண்டு. சில குழந்தைகளின் நோய் இரு பெற்றோரிடமிருந்தும் வந்த மரபணுவால் விளைந்திருக்கும். மருந்து தெளிக்காத ஊர்களிலும் அத்தகைய குழந்தைகள் பிறக்கிறார்கள். ஐயமில்லை. தாய், தந்தை, குழந்தை மூவரின் டி.என்.ஏ.வையும் ஒப்பிட்டால் அவர்களை இனங்காணவும் முடியும். ஆனால் அந்த ஒப்பீட்டைச் செய்யாமலே "சொந்தத்தில் மணம் முடித்ததன் விளைவு" என்று ஏழைக் குடும்பங்களின்மேல் பழியை ஏற்றுவது ஆய்வின் முடிவு அன்று, ஆய்வைத் தவிர்க்கும் உத்தி.

கேட்கவேண்டியது தனியொரு குழந்தையின் வழக்கை அன்று, ஊரின் விகிதத்தை. தோப்புக்கு அருகிலும் தொலைவிலும் பிறப்புகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பதிவுசெய்தல். எந்தத் தோப்பில் எந்த மருந்து எந்நாளில் தெளிக்கப்பட்டது என்ற பதிவேட்டைக் கட்டாயமாக்குதல். மருந்தடிக்கும் தொழிலாளரின் இரத்தத்தில் டி.என்.ஏ. முறிவை அளத்தல். கருவிகளும் முறைகளும் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் உள்ள பல்கலைக்கழகங்களிலேயே இருக்கின்றன. எண்டோசல்ஃபான் போன பின் வேறு மருந்துகள் வந்துவிட்டதால் இப்பணி பழங்கதை ஆகிவிடாது.

நிவாரணம் இந்த ஆய்வுக்காகக் காத்திருக்கவும் கூடாது. காசர்கோட்டில் பாதிக்கப்பட்டோருக்கு மூன்று மாதங்களுக்குள் தலா 5 லட்சம் ரூபாய் வழங்க 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டபோது, ஒவ்வொருவரின் சடுதிமாற்றத்துக்கும் பிறப்பிடம் கேட்கவில்லை. நீதிமன்றம் கேட்காத ஒன்றை முதலமடையின் தாய்மாரிடம் கேட்கும் உரிமையை உயிரியல் துறைகளுக்கு யார் அளித்தார்கள்?