கையெழுத்து யாருடையது?

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2022 ஜூன் 24 அன்று 'ரோ எதிர் வேட்' தீர்ப்பை ரத்து செய்தபோது நம் ஆட்களிடம் ஒரு பெருமிதம் பரவியது. "அவங்க பெரிய வல்லரசுதான், ஆனா பாருங்க, நாம இதை 1971லயே சட்டமாக்கிட்டோம்." இந்த வாக்கியத்தை அதன் பிறகு பத்துப் பேரிடமாவது கேட்டிருப்பேன். சொன்னவர்களில் மருத்துவர்கள் உண்டு, வழக்கறிஞர்கள் உண்டு, தீவிர இலக்கியம் வாசிப்பவர்களும் உண்டு. இந்தப் பெருமிதத்துக்கு ஆதாரம் இல்லை என்பதுதான் என் வாதம். இந்தியாவில் கருக்கலைப்பு பெண்ணின் உரிமையாக இல்லை. அது ஒரு குற்றம். சில சந்தர்ப்பங்களில் அந்தக் குற்றத்திலிருந்து மருத்துவருக்கு விலக்கு தரப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பவர்கள் சட்டத்தையே எடுத்துப் படிக்கலாம். 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம், பிரிவு 312: பெண்ணின் உயிரைக் காப்பாற்றும் நல்லெண்ணத்தோடு அல்லாமல் கருவைக் கலைப்பவருக்கு மூன்றாண்டு வரை சிறை. வயிற்றில் அசைவு தெரியும் நிலைக்கு வந்துவிட்ட கரு என்றால் ஏழாண்டு வரை. தன் கருவைத் தானே கலைத்துக்கொள்ளும் பெண்ணும் இதில் அடக்கம் என்று கீழே ஒரு விளக்கம் வேறு. 2024 ஜூலை 1 அன்று காலனியச் சட்டங்களுக்கு விடை கொடுத்துவிட்டதாகக் கொண்டாடினோமே, அப்போது வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இதே பிரிவு 88ஆம் எண்ணில் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது. பெயரும் எண்ணும் மாறின. பெண் மட்டும் விக்டோரியா ராணி காலத்திலேயே நிற்கிறாள்.

இந்தத் தண்டனைப் பிரிவுக்கு மேல் போட்ட ஒட்டுதான் 1971ஆம் ஆண்டின் மருத்துவ முறைக் கருக்கலைப்புச் சட்டம். அதன் மையமான மூன்றாம் பிரிவின் எழுவாய் யார் என்று பாருங்கள். 'பெண்ணுக்கு உரிமை உண்டு' என்று அது தொடங்கவில்லை. இன்னின்ன நிபந்தனைகளின்படி கருவைக் கலைத்தால் 'பதிவு பெற்ற மருத்துவர்' குற்றவாளி ஆகமாட்டார் என்கிறது. பாதுகாப்பு மருத்துவருக்கு. அவர் நல்லெண்ணத்தோடு ஒரு கருத்துக்கு வரவேண்டும்: இந்தக் கர்ப்பம் தொடர்ந்தால் பெண்ணின் உயிருக்கு ஆபத்து, அல்லது அவளது உடலுக்கோ மனத்துக்கோ கடுமையான பாதிப்பு, அல்லது கருவில் தீவிரக் குறைபாடு. 'எனக்கு இப்போது குழந்தை வேண்டாம்' என்ற காரணத்துக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. தெளிவான மனத்தோடு யோசித்து முடிவெடுத்த ஒரு பெண்கூட, மனநலம் பாதிக்கப்படும் என்று எழுதப்பட்ட தாள் வழியாகத்தான் உள்ளே போக முடியும்.

கணினி வலையமைப்பில் ஃபயர்வால் அமைப்பவர்களுக்கு இந்த முறை பழக்கமானது. எல்லாவற்றையும் தடு, பட்டியலில் உள்ளதை மட்டும் விடு. வெளியாள் புகக்கூடாத இடத்துக்கு அது நல்ல விதி. ஒருத்தியின் சொந்த உடம்புக்கு அவளையே வெளியாள் ஆக்கி அதே விதியை எழுதி வைத்திருக்கிறோம்.

இந்தச் சட்டம் ஏன் வந்தது என்பதிலும் நாம் நம்மை ஏமாற்றிக்கொள்கிறோம். 1964ல் சாந்திலால் ஷா தலைமையில் அமைக்கப்பட்ட குழு 1966ல் அறிக்கை கொடுத்தது. திருட்டுத்தனமாகச் செய்யப்படும் கருக்கலைப்புகளில் பெண்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். எருக்கங்குச்சியின் கதை நம் கிராமங்களில் பாட்டிகளுக்குத் தெரியும். அந்தக் கவலை நியாயமானது, அந்தச் சட்டம் உயிர்களைக் காப்பாற்றியது என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அது சுவரெங்கும் சிவப்பு முக்கோணம் வரைந்த காலம். கருத்தடை தவறி உண்டான கர்ப்பத்தை மனநல பாதிப்பாகக் கருதலாம் என்று 1971 சட்டம் சொன்னபோது, அது யாருக்கு என்பதையும் சொன்னது. குழந்தைகளின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துவதற்காக, 'திருமணமான பெண்ணோ அவள் கணவனோ' பயன்படுத்திய சாதனம் தவறினால் மட்டும். அரசுக்குத் தேவைப்பட்டது ஒரு தலை குறைவு. பெண்ணின் சுதந்திரம் அந்தக் கணக்கில் வரவில்லை. 'எந்தப் பெண்ணோ அவள் துணையோ' என்று இது மாற ஐம்பது வருடம் ஆனது. 2021 திருத்தத்தில்தான் மாறியது.

காகிதத்தில் மாறியது என்று சொல்லவேண்டும். அந்தத் திருத்தம் வந்த பிறகு, என்னோடு வேலை பார்க்கும் தோழி ஒருத்திக்குத் துணையாகச் சென்னையில் ஒரு மருத்துவமனைக்குப் போனேன். ஏழு வாரக் கர்ப்பம். ஏற்கெனவே ஓரிடத்தில் "நாங்க இதெல்லாம் பண்றதில்லை" என்று அனுப்பிவிட்டிருந்தார்கள். இங்கே வரவேற்பில் இருந்த அம்மா என்னைப் பார்த்துத்தான் பேசினார்.

"நீங்க ஹஸ்பெண்டா சார்?"

"இல்லைங்க, கூட வேலை பார்க்கறேன்."

"அப்ப ஹஸ்பெண்டை வரச் சொல்லுங்க. இல்லேன்னா அம்மா, அப்பா யாராவது வந்து சைன் போடணும்."

"எனக்கு இருபத்தொன்பது வயசு மேடம்," என்றாள் தோழி.

"அது ஹாஸ்பிடல் ரூல்மா."

அப்படி ஒரு விதி சட்டத்தில் கிடையாது. பதினெட்டு வயது நிரம்பிய, மனநலம் குன்றாத பெண்ணின் சம்மதம் மட்டுமே தேவை. ஒப்புதலுக்கான 'சி' படிவத்தில் கணவன் கையெழுத்துக்கு இடமே இல்லை. இதை நாங்கள் எடுத்துச் சொன்னோம். "அப்ப வேற இடம் பாத்துக்குங்க" என்று பதில் வந்தது. மூன்றாவதாகப் போன இடத்தில் அவளது கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொண்டு மாத்திரை கொடுத்தார்கள். மாதச் சம்பளமும் ஆங்கிலமும் வாதாடுகிற தைரியமும் உள்ள ஒருத்திக்கு மூன்று மருத்துவமனை தேவைப்பட்டது. இவை இல்லாதவள் எத்தனை ஏறி இறங்குவாள்?

எதிலும் ஏறாமல் போகிறவர்களே அதிகம். 2015ல் இந்தியாவில் ஏறத்தாழ 1.56 கோடி கருக்கலைப்புகள் நடந்ததாக 'லான்செட் குளோபல் ஹெல்த்' இதழில் வந்த ஆய்வு மதிப்பிட்டது. தரவு திரட்டப்பட்ட ஆறு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. அவற்றில் மருத்துவமனைகளில் நடந்தவை 22 சதவீதம். 73 சதவீதம் பேர் மருத்துவமனைக்கு வெளியே, மாத்திரை மூலம் கலைத்துக்கொண்டவர்கள். அதாவது, நாம் பெருமைப்படும் சட்டத்தை நான்கில் மூன்று பெண்கள் சுற்றிக்கொண்டு போகிறார்கள். மெடிக்கல் ஷாப்பில் குரலைத் தாழ்த்திக் கேட்டு, எத்தனை மாத்திரை, எத்தனை மணி நேர இடைவெளி, எவ்வளவு ரத்தம் போனால் ஆபத்து என்று யாரும் சொல்லாமலே விழுங்குகிறார்கள். மாத்திரை பாதுகாப்பானதுதான். கேள்வி கேட்க ஆளில்லாத நிலைமைதான் ஆபத்தானது.

நீதிமன்றம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் அருமையான தீர்ப்பு ஒன்றைத் தந்தது. 20 முதல் 24 வாரம் வரையான கருக்கலைப்பில் மணமானவள், மணமாகாதவள் என்று பிரிப்பது அரசியலமைப்புக்கு விரோதம். இந்தச் சட்டத்தின் நோக்கத்துக்கு, கணவன் செய்யும் வல்லுறவும் வல்லுறவே. குடும்பத்தின் சம்மதம் போன்ற, சட்டத்தில் இல்லாத நிபந்தனைகளை மருத்துவர்கள் விதிக்கக் கூடாது என்றது. ஓராண்டு கழித்து, 2023 அக்டோபரில், இரண்டு குழந்தைகளின் தாய் ஒருவர் அதே நீதிமன்றத்துக்கு வந்தார். பாலூட்டிக்கொண்டிருந்ததால் மாதவிலக்கு இல்லை, கர்ப்பம் என்றே தாமதமாகத்தான் தெரிந்தது. பிரசவத்துக்குப் பிந்தைய மனநோய்க்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டிருந்தார். 9ஆம் தேதி அனுமதி கிடைத்தது. 11ஆம் தேதி அதே இரு நீதிபதிகள் இரு வேறு தீர்ப்பு சொன்னார்கள். 16ஆம் தேதி மூன்று நீதிபதிகள் அனுமதியை மறுத்தார்கள். 26 வாரம் தாண்டிவிட்டது, துடிக்கும் இதயத்தை நிறுத்தச் சொல்லி உத்தரவிட அவர்கள் தயாராக இல்லை.

இது எளிய வழக்கு என்று நான் சொல்லவில்லை. 26 வாரத்தில் வெளியே வந்தால் பிழைக்கக்கூடிய ஓர் உயிரைப் பற்றிய கேள்வி அது. 'வெறும் செல்களின் கூட்டம்' என்று சொல்லித் தப்பிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஏழு வாரத்தில் இருப்பதும் 26 வாரத்தில் இருப்பதும் ஒன்றல்ல. கரு வளர வளர அதன்மீது நமக்குள்ள தார்மீகப் பொறுப்பும் கூடத்தான் செய்கிறது. ஆனால் நம் சட்டம் உயிரின் புனிதம் கருதி நிற்கிறதா? 24 வாரத்துக்கு மேல் ஆரோக்கியமான கருவைக் கலைக்கக் கூடாது. குறைபாடுள்ள கரு என்று மருத்துவக் குழு சொல்லிவிட்டால் எத்தனை வாரமானாலும் கலைக்கலாம். மாற்றுத்திறனாளிகள் இதைப் பார்த்து, 'அப்போ எங்க உயிர் என்ன மலிவா?' என்று கேட்டால் நம்மிடம் பதில் இல்லை. உயிர் புனிதம் என்றால் இந்த விலக்கு இருக்காது. பெண்ணின் முடிவு புனிதம் என்றால் மருத்துவக் குழு இருக்காது. இரண்டும் இல்லாத இடத்தில் இருப்பது, எந்தக் குழந்தை பிறக்கலாம் என்று அரசு தீர்மானிக்கும் பழைய ஆசை.

"அதுவும் ஓர் உயிர்தானே, கொலை கொலைதானே" என்பவர்களுக்கு வருகிறேன். நம் சட்டம் வந்த அதே 1971ல் ஜூடித் ஜார்விஸ் தாம்சன் என்ற அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் இந்த வாதத்தை அதன் பலமான இடத்திலேயே எதிர்கொண்டார். கரு ஒரு முழு மனிதன் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும், உயிர் வாழும் உரிமை என்பது இன்னொருவர் உடம்பைப் பயன்படுத்திக்கொள்ளும் உரிமை ஆகிவிடாது என்பது அவர் வாதம். நம் ஊர் வழியில் சொல்கிறேன். ஒரு தகப்பனின் சிறுநீரகம் கிடைத்தால் அவர் பெற்ற மகன் பிழைப்பான். அவர் கொடுக்க மறுக்கிறார். அவரைத் திட்டலாம், உறவை முறிக்கலாம். ஆனால் 1994ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டம் அவர் சம்மதமில்லாமல் கத்தி வைக்க யாரையும் விடாது. இறந்தவர் உடலிலிருந்து உறுப்பெடுக்கவே அவரது முன் ஒப்புதலோ உறவினர் சம்மதமோ வேண்டும். பிணத்தின் வயிற்றுக்கு நாம் தருகிற மரியாதையை உயிருள்ள பெண்ணின் வயிற்றுக்குத் தர மறுக்கிறோம். "அவதானே கர்ப்பமானா" என்றால், அந்த மகனைப் பெற்றதும் அந்தத் தகப்பன்தான்.

இதற்குமேல் தமிழ்நாட்டில் எழும் கேள்வி ஒன்று உண்டு, அது நேர்மையானது. பெண்ணின் முடிவே இறுதி என்றால், 'பெண் குழந்தை வேண்டாம்' என்ற முடிவு? உசிலம்பட்டியையும் சேலத்தையும் மறந்துவிட்டு யாரும் இங்கே பேசிவிட முடியாது. 1992ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கவேண்டி வந்த மாநிலம் இது. ஆனால் அங்கே முடிவெடுத்தது யார்? பெற்றவளின் விருப்பம் அதிகமானதால் அந்தக் குழந்தைகள் சாகவில்லை. வரதட்சிணையும் மாமியாரும் கணவனும் சாதிப் பெருமையும் எடுத்த முடிவு, அவள் உடம்பில் நிறைவேற்றப்பட்டது. அதனால்தான் பாலினத் தேர்வைத் தடுக்கும் 1994 சட்டம் ஸ்கேன் சென்டரைக் குறிவைக்கிறது. அது சரியான இலக்கு. ஆனால் நடைமுறையில் இரண்டையும் குழப்பி, பெண் கருவைக் காக்கிறோம் என்று மாத்திரைக்குக் கெடுபிடி செய்கிறார்கள். மாத்திரை கொடுப்பது ஒன்பது வாரம் வரை. ஸ்கேனில் பாலினம் தெரிய பொதுவாகப் பன்னிரண்டு வாரமாவது தாண்டவேண்டும். இந்த எளிய கணக்கைப் போட்டால், மாத்திரையைத் தடுப்பது எந்தப் பெண் கருவையும் காப்பாற்றாது என்று தெரியும். அது பெண்களைத் தாமதப்படுத்தும். தாமதமானால்தான் ஸ்கேன் சென்டருக்கு வேலை.

சரி, குற்றப் பிரிவை எடுத்துவிட்டால் நாடு என்ன ஆகும்? கனடாவைப் பாருங்கள். அங்கே 1969 சட்டப்படி மூன்று மருத்துவர்களாவது கொண்ட குழு அனுமதித்தால்தான் கருக்கலைப்பு, நம் மருத்துவக் குழு மாதிரியே. அந்த ஏற்பாடு பெண்ணின் பாதுகாப்புக்கான உரிமையை மீறுகிறது என்று 1988 ஜனவரி 28 அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் மார்கன்டாலர் வழக்கில் ரத்து செய்தது. அன்று முதல் அங்கே கருக்கலைப்பைக் குற்றமாக்கும் சட்டமே கிடையாது, வார வரம்பு உட்பட. எட்டு மாதத்தில் பெண்கள் வரிசையில் வந்து நிற்கவில்லை. பெரும்பாலான கருக்கலைப்புகள் முதல் மூன்று மாதத்துக்குள்ளேயே முடிந்துவிடுகின்றன. கதவு திறந்திருந்தால் யாரும் காத்திருக்க மாட்டார்கள். 26 வாரத்து வழக்குகளில் பல, கதவுகள் மூடியிருந்ததால் உண்டானவை.

ஆகவே என் கோரிக்கை சிக்கலானது அல்ல. பிரிவு 88ல் சம்மதத்தோடு நடக்கும் கருக்கலைப்பைக் குற்றப்பட்டியலிலிருந்து நீக்கவேண்டும். பெண்ணின் சம்மதமின்றிக் கலைப்பது பிரிவு 89ன்படி கடும் குற்றமாகத் தொடரட்டும், அது மிக அவசியம். 24 வாரம் வரை அவள் கேட்டாலே போதும், காரணம் எழுத வேண்டியதில்லை. அதற்குப் பிறகான அரிய, துயரமான முடிவுகளை அவளும் அவளுக்குச் சிகிச்சை அளிக்கும் மருத்துவரும் எடுக்கட்டும். நீதிபதிகளுக்கு அங்கே வேலை இல்லை. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் மாத்திரையும், அதைப் பற்றிப் பொறுமையாகப் பேச ஒரு செவிலியரும் இருக்கட்டும். கருக்கலைப்பு பாவம் என்று நம்பும் பெண் அதைச் செய்துகொள்ளாமல் இருக்க இந்தச் சட்டத்தில் எந்தத் தடையும் இருக்காது. அவளைக் கட்டாயப்படுத்தும் கணவனுக்கும் மாமியாருக்கும் எதிராக அவள் கையிலும் அதே ஆயுதம்தான் இருக்கும்: அவள் கையெழுத்து இல்லாமல் எதுவும் நடக்காது.

அது வரும்வரை, 1971ஐச் சொல்லி அமெரிக்காவைப் பார்த்துச் சிரிப்பதை நிறுத்திக்கொள்ளலாம்.