பார்க்காத இடத்துக்குப் பிள்ளையை அனுப்புவதா?

“அண்ணே, புள்ளைக்கு சபாவுல கெடச்சிருக்கு. ஒரு தடவ போய்ப் பார்க்காம எப்படிண்ணே அனுப்புறது?”

சுங்கை சிப்புட்டிலிருந்து போன். பேசியவரும் நானும் ஒரே தோட்டத்தில் வளர்ந்தவர்கள். அங்கே இப்போது பால்மரமும் இல்லை, லயமும் இல்லை. செம்பனைக்கும் தாமான் வீடுகளுக்கும் நடுவில் கோயில் மட்டும் நிற்கிறது. அவர் லாரி ஓட்டுகிறார். மகள் ஆறாம் படிவம் முடித்தவள். யுபியு வழியாக மலேசிய சபா பல்கலைக்கழகத்தில் உணவு அறிவியல் படிக்க இடம் வந்திருக்கிறது. பதில் சொல்ல இன்னும் மூன்று நாள்தான்.

யுபியு விண்ணப்பம் நிரப்பிய வீடுகளுக்கு இது தெரிந்த கதை. 12 தேர்வுகள். முதல் நான்கை யோசித்துப் போடுவோம். மிச்சத்தை ராத்திரி பதினோரு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில், “சும்மா போட்டு வை” என்று போடுவோம். சபா அவளுக்கு ஒன்பதாவதோ பத்தாவதோ. சும்மா போட்டதுதான் கிடைத்தது.

இதற்குள் ஓர் உறவினர் கிள்ளான் பள்ளத்தாக்கில் உள்ள தனியார் கல்லூரி ஒன்றின் வண்ணப் புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். ஈப்போவிலிருந்து ரயிலில் இரண்டரை மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போய்விட்டு வரலாம். “அதையாவது கண்ணால பார்க்கலாம்லண்ணே” என்றார்.

கண்ணால் பார்த்து ஏமாந்த கதை எங்கள் வீட்டில் இருக்கிறது. என் தங்கை மகனுக்காக நாங்கள் நான்கு பேர் ஒரு கல்லூரியைப் போய்ப் பார்த்தோம். கண்ணாடிக் கட்டடம், குளுகுளு வரவேற்பறை, கையில் காப்பி. அன்றைக்கே பதிவுப் பணம் கட்டினோம். அந்தப் படிப்புக்கு முழு அங்கீகாரம் இருக்கிறதா, தற்காலிக அங்கீகாரம்தானா என்று நால்வரில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை, என்னையும் சேர்த்துத்தான். முழு அங்கீகாரம் கடைசி வரை வரவில்லை. பையன் வேறு இடம் மாறியதில் ஒன்றரை வருடம் போயிற்று. அந்தக் காப்பி மட்டும் நன்றாக இருந்தது.

நான் படிக்கப் போனதோ பார்க்காத இடத்துக்கு. தொண்ணூறுகளில் மேடான் கோப்பேங்கில் பஸ் ஏறி, சங்லூனில் இறங்கி, சிந்தோக் போய்ச் சேர்ந்தேன். வடக்கு மலேசியப் பல்கலைக்கழகத்தைச் சுற்றிலும் மலையும் காடும். ஒரு காலத்தில் ஈயம் எடுத்த பள்ளத்தாக்கு அது என்று பிறகு தெரிந்தபோது, கிந்தாக்காரனான எனக்குக் கொஞ்சம் ஊர்ப்பாசம் வந்தது. முதல் வாரம் அழுகைதான். முன்கூட்டியே போய்ப் பார்த்திருந்தால் நிச்சயம் வேண்டாம் என்றிருப்பேன். தோட்டத்துக் காட்டை விட்டு இன்னொரு காட்டுக்கா என்று அம்மாவும் சொல்லியிருப்பாள்.

2020 அக்டோபரில் பெட்டி கட்டிக்கொண்டு கிளம்பிய பிள்ளைகளைக் கோவிட் காரணமாகக் கடைசி நேரத்தில் வரவேண்டாம் என்றார்களே, நினைவிருக்கும். அந்த ஆண்டு சேர்ந்தவர்களில் பலர் வளாகத்தில் கால் வைக்காமலே முதல் பருவத்தை முடித்தார்கள். நம் கவலை புதிதல்ல.

மறுநாள் மாலை அவர் வீட்டுக்குப் போனேன். சபா பல்கலைக்கழகத்தின் படங்களுக்குப் பஞ்சமே இல்லை. கடற்கரை, இளஞ்சிவப்பு மசூதி. சுற்றுப்பயணிகள் தேடிப் போகிற வளாகம். படத்தை ஓரமாக வைத்துவிட்டு எம்.கியூ.ஏ. பதிவேட்டைத் திறக்கச் சொன்னேன். பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தால் போதாது, நாம் படிக்கப் போகும் அந்தப் படிப்பின் பெயரே இருக்க வேண்டும். மருத்துவம், பொறியியல், தாதிமை என்றால் அந்தந்தத் தொழில் வாரியத்தின் அங்கீகாரத்தையும் பார்க்க வேண்டும். சபாப் படிப்பையும் வண்ணப் புத்தகத்துப் படிப்பையும் அவளே தேடினாள். முதலாவது இருந்தது. இரண்டாவது அப்போதைக்குத் தற்காலிகப் பட்டியலில்தான். புதுப் படிப்பு தற்காலிகமாகத் தொடங்குவது தவறில்லை, ஆனால் அதைத் தெரிந்துகொண்டு பணம் கட்ட வேண்டும். இரண்டு இடத்துக் கட்டணத்தையும் பி.டி.பி.டி.என். கடனையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டினாள். அப்பா அந்தத் தாளை மட்டும் ரொம்ப நேரம் வைத்திருந்தார்.

அம்மாவுக்கு இதெல்லாம் போதவில்லை. நியாயம்தான். ஆறாம் படிவ ஆசிரியரைப் பிடித்தோம். அவருடைய பழைய மாணவி ஒருத்தி அங்கே மூன்றாம் ஆண்டில் இருந்தாள். ஸ்பீக்கரில் போட்டு ஒரு மணி நேரம் பேசினோம். மகள் ஆய்வுக்கூடத்தைப் பற்றிக் கேட்டாள், தொழிற்பயிற்சிக்கு எங்கே அனுப்புவார்கள் என்று கேட்டாள். அம்மா சோற்றைப் பற்றிக் கேட்டார். அந்தப் பெண் எதையும் இனிப்பாகச் சொல்லவில்லை. தமிழர் குறைவு, சாம்பார்ப் பொடி வீட்டிலிருந்துதான் வரவேண்டும் என்றாள். தீபாவளிக்கு டிக்கெட் விலை ஏறிவிடும், முன்பே எடுக்காவிட்டால் கஷ்டம், போன வருடம் தான் வீட்டுக்குப் போகவில்லை என்றும் சொன்னாள். சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கியது.

“சேந்தது தப்புன்னு தோணுதாம்மா?” என்று அப்பா கேட்டார்.

“மொத மூணு மாசம் தோணுச்சு அங்கிள்” என்றாள்.

அதற்குப் பிறகு அவளுடைய அம்மா எண்ணை வாங்கி, இரண்டு அம்மாக்களும் பேசினார்கள். அதில் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. முடித்துவிட்டு வந்தவர் அடுப்படிக்குப் போய்த் தேத்தண்ணி போட ஆரம்பித்தார்.

அப்பா பேசவில்லை. அவர் லாரி தீபகற்பத்தில் போகாத ஊர் இல்லை, கடலைத்தான் தாண்டியதில்லை. சபா, சரவாக் போனால் நம் நாட்டுக்குள்ளேயே குடிநுழைவு முகப்பில் அடையாள அட்டையைக் காட்ட வேண்டும் என்பதும் அன்றைக்குத்தான் அவருக்குத் தெரியும். நான் வாசலில் செருப்பு மாட்டும்போது பின்னாலேயே வந்தார்.

“அண்ணே, அமான்ஜெயாவுலேர்ந்து கேஎல்ஐஏ-வுக்கு மொத பஸ்ஸு எத்தன மணிக்கு?”