மொய் நோட்டில் கிடைத்த ஊர்

கிராமக் கணக்கைப் புரட்டிப் பார்க்க வேண்டும் என்று வருகிறவர்கள் பெரும்பாலும் வழக்கோடுதான் வருவார்கள். பாகப்பிரிவினை, பட்டா மாறுதல், வரப்புத் தகராறு என்று ஏதோ ஒன்று. பழைய வட ஆர்க்காடு மாவட்டத்துக் கிராமங்களில் கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் அந்த முகங்கள் எனக்கு நல்ல பழக்கம். இடையிடையே வேறு மாதிரி ஒருவர் வருவார். வழக்கு இருக்காது, அந்த ஊரில் நிலமும் இருக்காது. “எங்க கொள்ளுத் தாத்தா பேரு இதுல எங்கனா இருக்குதா சார்?” என்று தயங்கித் தயங்கிக் கேட்பார். இருந்தாலும் அவருக்கு ஒரு சென்ட் கூடப் போவதில்லை. ஆனால் ‘அ’ பதிவேட்டில் அந்தப் பெயரைக் கண்டதும் அதன்மேல் விரலை வைத்தவர், எடுக்க மனமில்லாமல் நின்றுகொண்டே இருப்பார்.

இதை வேலையற்ற வேலை என்று சொன்ன சக அலுவலர்களோடு நான் வாதாடியிருக்கிறேன். சொத்தும் இல்லை, சான்றிதழும் தேவையில்லை, பிறகு எதற்கு இந்த அலைச்சல் என்பது அவர்கள் கேள்வி. அலைச்சலில் ஒரு மகிழ்ச்சி இருக்கிறது என்பதுதான் என் பதில். அந்த மகிழ்ச்சி எங்கிருந்து வருகிறது என்பதை எனக்குத் தெளிவாகக் காட்டியவர் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த ஓர் அம்மையார்.

1860 நவம்பர் 16 அன்று ‘ட்ரூரோ’ என்ற கப்பல் சென்னையிலிருந்து டர்பன் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுபோன முதல் கப்பல் அது. 1911 வரைக்கும் இப்படிப் போனவர்கள் 1,52,184 பேர். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னையில் கப்பல் ஏறியவர்கள், தமிழர்களும் தெலுங்கர்களும். வட ஆர்க்காடு அதில் நிறையப் பேரை அனுப்பிய மாவட்டம். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து, பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர், உயரம், உடம்பில் உள்ள அடையாளம் என்று வரிசையாக எழுதி வைத்தார்கள். தோட்டத்தைவிட்டு ஓடிப்போனால் ஆளைப் பிடிக்க உதவும் என்று எழுதிய அடையாளம், இன்று கொள்ளுப் பேரப்பிள்ளைகளின் கையில் இருக்கிறது.

ஓய்வுக்குப் பிறகு, தெரிந்தவர் ஒருவர் மூலமாக அந்த அம்மையார் என்னிடம் வந்தார். தமிழ் பேசத் தெரியாது. ஆனால் மாரியம்மன் என்றும் பொங்கல் என்றும் சரியாகச் சொல்வார். கையில் கப்பல் பட்டியலின் நகல். தாலுகா போளூர் என்பது மட்டும் தெளிவு. ஊர்ப்பெயரைத் துறைமுகத்து எழுத்தர் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்; கடைசி எழுத்துகளைப் ‘பட்டு’ என்றும் படிக்கலாம், ‘பேட்டை’ என்றும் படிக்கலாம். நான் தாலுகா வரைபடத்தை விரித்துக்கொண்டு ஊர் தேடினேன். அவரோ ஊரைவிட வேறு ஒரு வரியையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார். வயது 22. இடது புருவத்தின் மேல் ஒரு தழும்பு.

அவர் வீட்டில் அந்த மூதாதையைத் தாடி வைத்த கிழவராகத்தான் எல்லோரும் நினைத்து வந்திருக்கிறார்கள். கும்பிடும் படத்தில் இருப்பவர் கிழவராகத்தானே இருக்க வேண்டும்? பட்டியலைப் பார்த்தபோதுதான், கப்பல் ஏறியவர் தன் மகனைவிடச் சின்னவர் என்பது அந்த அம்மையாருக்கு உறைத்தது. அதுவரை வணங்கப்பட்டவர், அந்த நிமிஷத்திலிருந்து கவலைப்பட வேண்டிய பிள்ளையாகிவிட்டார். சாப்பிட்டிருப்பாரா, கப்பலில் துணைக்கு யாராவது இருந்தார்களா, தழும்பு எப்படி வந்தது என்றெல்லாம் என்னிடமே கேட்டார். நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய ஒருவரைப் பற்றி, நேற்று ஊருக்குப் போன பையனைப் பற்றிக் கேட்பதுபோல ஒருவரால் கேட்க முடிகிறது. இந்த மகிழ்ச்சிக்கு இதற்குமேல் என்ன காரணம் வேண்டும்?

பொருந்தி வந்த இரண்டு ஊர்களுக்கும் போனோம். ஓர் ஊரில் ஒரு பெரியவர், தன் பாட்டியின் மாமன் ஒருவர் மெட்ராஸுக்குப் போனவர் திரும்பவே இல்லை என்று வீட்டில் பேசிக்கொள்வார்கள் என்றார். அவர்தான் இவரா என்பதை எந்தக் காகிதத்தாலும் நிரூபிக்க முடியாது. அந்த அம்மையார் பெரியவரின் கையைப் பிடித்துக்கொண்டு திண்ணையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

கடல் கடந்து போனவர்களுக்காவது கப்பல் பட்டியல் இருக்கிறது. மொரீஷியஸ் போனவர்களுக்கு இன்னும் மேல். 1860களில் தொடங்கி எடுத்த அவர்களின் புகைப்படங்களும் பதிவேடுகளும் மோகா என்ற ஊரிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. ஊரிலேயே இருந்துவிட்ட நம்முடைய முன்னோர்களைத் தேடுவதுதான் கடினம். குடும்பப் பெயர் நமக்குக் கிடையாது. பேரனுக்குத் தாத்தா பெயரை வைப்பதால் ஒரே பெயர் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை திரும்பத் திரும்ப வரும். வருஷம் கேட்டால் ‘தாது வருஷத்துப் பஞ்சத்துக்கு அப்புறம்’ என்பார்கள். அது 1876ஐ ஒட்டியது என்று நாம் கணக்குப் பண்ணிக்கொள்ள வேண்டும். வருவாய்க் கணக்கில் பசலி இருக்கும். அதோடு 590 கூட்டினால் ஆங்கில வருஷம். பழைய பிறப்புப் பதிவேட்டிலோ பல குழந்தைகளுக்குப் பெயரே இருக்காது. ‘ஆண்’ அல்லது ‘பெண்’, தகப்பன் பெயர், அவ்வளவுதான். ஒரு காகிதத்தை வைத்து அடுத்த காகிதத்தைக் கண்டுபிடிக்கும் இந்தத் தேடலில் ஒரு ருசி உண்டு. ருசி கண்டவர்களை அது விடாது.

என்னையும் விடவில்லை. என் அப்பாவைப் பெற்ற ஆயா, அப்பாவுக்கு விவரம் தெரிவதற்கு முன்பே இறந்துபோனார். தாத்தா இரண்டாவது கல்யாணம் செய்துகொண்டார். முதல் ஆயாவின் பிறந்த வீட்டு உறவு அதோடு அறுந்தது. படம் இல்லை, பெயர் தெரியாது. ஆடி பதினெட்டுக்குப் படைக்கும்போது ‘பெரிய ஆயா’ என்று சொல்லி ஒரு புடவை வைப்பார்கள். எந்த ஊர் என்று கேட்டால், ஆத்துக்கு அந்தாண்ட என்று கையைக் காட்டுவார்கள்.

தாத்தாவின் தகரப் பெட்டியில் அப்பாவின் காதுகுத்து மொய் நோட்டு இருந்தது. 1935. செல் அரித்தது போக மீதி. ஒவ்வொரு வரியிலும் ஊர், பெயர், தொகை. பெரும்பாலும் நாலணா, எட்டணா. ரூபாய் வைத்தவர்கள் சிலர்தான். பணத்துக்குப் பதில் ஒரு படி கேழ்வரகு கொடுத்தவரும் அதில் உண்டு. முதல் பக்கத்தில், தேங்காய்ப் பழத் தட்டு வரிசைக்குக் கீழே, ‘தாய்மாமன்: வெள்ளி அரைஞாண் 1, வேட்டி 1, ரூ. 5-0-0’ என்று எழுதி, ஊரும் பெயரும் இருந்தன. மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே காது குத்துவார்கள்! அப்படியானால் அந்த ஊர்தான் ஆயாவின் ஊர்.

பிறகு அந்த ஊர் எந்தச் சார்பதிவாளர் அலுவலகத்தில் சேர்ந்தது என்று பார்த்து, பழைய பெயர் அட்டவணையில் அந்த மாமன் பெயரைத் தேடினேன். 1927இல் ஒரு கிரயப் பத்திரம். அப்போது மாமன் மைனர். ‘மைனர் மகனுக்குத் தாயும் கார்டியனுமான’ ஓர் அம்மாள், அறுபத்திரண்டு சென்ட் புஞ்சையை விற்றிருக்கிறார். மைனர் சொத்தை விற்றால் காரணம் சொல்ல வேண்டும் என்பதால், பத்திரம் எழுதியவர் காரணத்தையும் எழுதியிருந்தார்: காலஞ்சென்ற கணவர் வைத்துப்போன சில்லறைக் கடனுக்காகவும், மகளின் கல்யாணச் செலவுக்காகவும். மகள் பெயர் அதற்கு அடுத்த சொல்.

எங்கள் வீட்டில் யாரும் உச்சரித்துக் கேட்டிராத அந்தப் பெயரை நான் அலுவலகத்து பெஞ்சில் உட்கார்ந்து வாய்விட்டுப் படித்தேன். ஆயாவுக்குக் கல்யாணம் செய்ய ஒரு விதவைத் தாய் நிலத்தை விற்ற கதை எங்களுக்கு யார் சொல்லித் தெரியும்? பத்திரத்தின் கதையை அப்பாவிடம் சொன்னபோது அவருக்கு எண்பது வயது தாண்டியிருந்தது. அவர் கேட்ட முதல் கேள்வி, அந்த நிலம் நஞ்சையா புஞ்சையா என்பதுதான். பிறகு, அந்தப் பெயரை இன்னொரு தரம் சொல்லச் சொன்னார்.

இப்படிக் கிடைக்கும் குடும்ப வரலாறு சாதிப் பெருமையில் போய் முடியும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. அவர்கள் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. சாதிச் சங்க மலர்களில் அச்சாகும் வம்சாவளிகளை நானும் படித்திருக்கிறேன். ஒரு மன்னரில் தொடங்கி நேராக இன்றைய தலைவரின் தாத்தாவுக்கு வந்துவிடும். நடுவில் உள்ள தலைமுறைகள் எங்கே? அவை அடமானப் பத்திரத்திலும் பஞ்சத்திலும் கங்காணியின் கடன் கணக்கிலும் கிடக்கின்றன. காகிதத்தில் தேடுகிறவருக்கு மன்னர் கிடைக்க மாட்டார். கேழ்வரகு கொடுத்தவர் கிடைப்பார். பெருமைக்காகத் தேடத் தொடங்கியவர்கள் சீக்கிரம் நிறுத்திவிடுவதையும், ஓர் ஆளைத் தெரிந்துகொள்ளத் தேடியவர்கள் வருஷக்கணக்கில் தொடர்வதையும் என் பணிக்காலம் முழுக்கப் பார்த்திருக்கிறேன்.

சிலருக்கு இது மகிழ்ச்சியோடு முடியாது. செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த டிரமென்ஹீர் 1891இல் ஒடுக்கப்பட்ட மக்களின் நிலைமை பற்றி எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து, 1892இல் அரசு அவர்களுக்கு நிலம் ஒப்படைக்க ஆணையிட்டது. பஞ்சமி நிலம் என்கிறோமே, அது. பத்து வருஷத்துக்கு விற்கக் கூடாது, பிறகும் வேறு சமூகத்தாருக்கு விற்கக் கூடாது என்பது நிபந்தனை. சேரியிலிருந்து படித்து வந்த ஒரு தம்பி, தன் முப்பாட்டனுக்கு நிலம் இருந்ததாகப் பாட்டி சொன்னதை நம்பி என்னிடம் வந்தார். யு.டி.ஆர். என்ற நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்துக்கு முந்தைய பழைய பதிவேட்டில் அந்தப் பெயர் இருந்தது. இன்றைய பட்டாவில் இருப்பது வேறு யாரோ. அவர் முகத்தில் முதலில் வந்தது சந்தோஷம்தான். பாட்டி பொய் சொல்லவில்லை என்ற சந்தோஷம். கோபம் அடுத்துத்தான் வந்தது. இரண்டுக்குமே அவருக்கு உரிமை உண்டு. முன்னோரைத் தேடுவதைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்குகிறவர்களுக்கு நான் அந்தத் தம்பியைத்தான் காட்டுவேன்.

ஆகவே அரசுக்கு ஒரு வேண்டுகோள். 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 57ஆவது பிரிவு, சொத்துப் பத்திரங்களைக் கொண்ட முதல் புத்தகத்தையும் அதன் அட்டவணையையும் கட்டணம் செலுத்தி யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்கிறது. நடைமுறையில், ‘உனக்கு அதில் என்ன வேலை?’ என்ற கேள்வியைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டியிருக்கிறது. 1975க்குப் பிந்தைய வில்லங்க விவரம் பெரும்பாலான ஊர்களுக்கு இன்று வீட்டிலிருந்தே கிடைக்கிறது. அதற்கு முந்தையவைதான் தொட்டால் உதிரும் நிலையில் இருக்கின்றன. பழைய பிறப்பு, இறப்புப் பதிவேடுகளும் அப்படியே. சர்வே எண்ணையும் விற்றவர், வாங்கியவர் பெயரையும் மட்டும் ஏற்றிவிட்டு வேலை முடிந்தது என்று மூட்டை கட்டினால், என் ஆயாவைப் போன்றவர்கள் எந்தத் தேடலிலும் வர மாட்டார்கள். அவர் விற்றவரும் இல்லை, வாங்கியவரும் இல்லை. பத்திரத்தின் நடுவில் ஒரு செலவுக்குக் காரணமாக வந்த மகள். கார்டியன்கள், சாட்சிகள், எழுதிக்கொடுத்தவர் இன்னார் ‘என்று நிரூபித்தவர்கள்’ வரிசையில் உள்ளவர்கள், வாசகத்துக்குள் வரும் தாய்மார், மகள்கள் என எல்லோருடைய பெயரையும் அட்டவணையில் ஏற்ற வேண்டும். அந்தக் கையெழுத்தைத் தடுமாறாமல் படிக்கத் தெரிந்த பழைய கர்ணங்களும் பத்திர எழுத்தர்களும் ஊருக்கு ஒருவர் இருவராவது இன்னும் இருக்கிறார்கள். அவர்களை உட்கார வைத்து இந்த வேலையை இந்த வருஷமே தொடங்கலாம்.