மைனர் இருவர்

ஒரு சொல்லுக்குப் பல பொருள் இருப்பது தமிழர்க்குப் புதிதன்று. ஒலி ஒன்றாயிருந்தும் பிறப்பால் வேறான இரு சொற்களுக்குத் தங்கவயல் மக்களாகிய நமக்கு அண்மையிலுள்ள சான்று ‘மைனர்’. சுரங்கத் தொழிலாளியும் மைனர். வயது நிரம்பாதவனும் மைனர். தமிழில் எழுதினால் வேறுபாடு தெரியாது. ஆங்கிலத்தில் முன்னதை எம், ஐ, என், ஈ, ஆர் என்றும், பின்னதை ஈ நிற்கும் இடத்தில் ஓ இட்டும் எழுதுவர். ஓரெழுத்தே வேறு, குலமோ முற்றிலும் வேறு.

தொழிலாளியைக் குறிக்கும் சொல், ‘மைன்’ என்பதினின்று வந்தது. அது பிரெஞ்சு வழியே ஆங்கிலம் புகுந்தது; அதன் வேர் பழைய கெல்த்திய மொழிகளில் இருக்கலாம் என்பர் அறிஞர். பொன் மின்னுவதால் நம் ‘மின்’னோடு இதனை முடிச்சிட ஆசை எழும். ஆசை சான்றாகாது. பகைவர் கோட்டையின் அடியில் சுரங்கம் அகழ்ந்து வெடிமருந்து வைத்த வழக்கத்தால், கண்ணிவெடிக்கும் மைன் என்றே பெயராயிற்று.

மற்றது இலத்தீனம், ‘இன்னும் சிறியது’ என்பது பொருள். கணக்கில் வரும் மைனஸ் இதன் உறவு. மினிஸ்டரும் உறவே, அதன் பழம்பொருள் பணியாள் என்பதாம். (அமைச்சர் பெருமக்கள் அறிவது நலம்!) ஜமீன் வாரிசுகளைக் குறித்த இச்சட்டச் சொல், நம்மவர் வாயில் பொற்சங்கிலி அணிந்து உலாவும் ஆடம்பரக்காரனுக்குப் பெயராகிவிட்டது.

நிற்க. இவ்விரு மைனரும் ஒருவராகவே இருக்க ஒரு காலத்தில் சட்டம் இடம் தந்தது. 1952ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டப்படி, 16 வயது நிறைந்து மருத்துவச் சான்று பெற்றவன் நிலத்தடியில் வேலை செய்யலாம். சாம்பியன் ரீப் சுரங்கமோ 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம். பாறை வெடிப்பும் வெப்பமும் நுரையீரலைத் தின்னும் தூசும் நிறைந்தது. 1983ஆம் ஆண்டுத் திருத்தமே 18 நிறையாதவரைச் சுரங்க வேலைக்கு விடலாகாது என்று விதித்தது. 16 நிறைந்த பயிற்சியாளர்க்கு மட்டும், தக்க மேற்பார்வையில், விலக்கு உண்டு.

2001 பிப்ரவரி 28இல் நம் சுரங்கங்கள் மூடப்பட்டன. ஆயினும் படிவங்களில் இரு சொல்லும் வரும். பெற்றோர் கவனிக்க: பிள்ளை மைனரா என்று கேட்குமிடத்தில் வினவப்படுவது வயதே, 18 நிறையாதிருப்பின் பெரும்பாலும் பாதுகாவலர் கையொப்பம் வேண்டும். தந்தையோ பாட்டனோ செய்த தொழிலைக் கேட்டால், ஓ எழுத்தை விடுத்து ஈ எழுத்தை இடுக.