கணவர் விட்டுச்சென்ற விமானம்



விமான இரைச்சல் கேட்டதும் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பங்கருக்குள் ஓடியவர்கள் நாம். 2009 இல் யுத்தம் முடிந்து இத்தனை ஆண்டுகள் சென்ற பின்னரும், தாழப் பறக்கும் விமானத்தின் சத்தத்திற்கு எம்மில் பலருக்கு நெஞ்சு பதறுகின்றது. பிரித்தானியாவிலோ பழைய போர் விமானங்களைத் திருத்திப் பறக்கவிடுகிறார்கள். டக்ஸ்போர்ட் என்னும் இடத்தில் நடக்கும் அந்தக் கண்காட்சிகளுக்குக் குடும்பம் குடும்பமாகக் காசு கொடுத்துச் செல்கிறார்கள்.

அங்கு அதிகம் கைதட்டல் பெறுவது ஸ்பிட்பயர் விமானம். 1940 இல் ஜேர்மன் குண்டுவீச்சு விமானங்களை எதிர்த்து நின்றதால் அம்மக்களுக்கு அதன் சத்தம் ஆறுதல். அதே கண்காட்சிகளில் லங்காஸ்டர் விமானமும் பறப்பதுண்டு. 1943 இல் ஹம்பேர்க் நகரை எரித்த விமானங்களில் அந்த வகையும் ஒன்று. அங்கு இறந்த பல்லாயிரம் பேரில் எம்மைப் போன்ற தாய்மாரும் பிள்ளைகளும் இருந்தனர். விமானத்தின் சத்தம், அதைக் கேட்பவர் எந்தப் பக்கத்தில் நின்றார் என்பதைப் பொறுத்தது.

இக்கண்காட்சிகளில் பல ஆண்டுகள் பறந்த ஒரு ஸ்பிட்பயரின் கதையை உங்களுக்குச் சொல்ல வேண்டும். அதன் இலக்கம் எம்எல் 407. 1944 ஏப்ரல் 29 ஆம் திகதி அதைப் படைப்பிரிவுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் ஜக்கி சோரூர் என்ற இளம்பெண். தொழிற்சாலைகளிலிருந்து விமானங்களை ஓட்டிச் செல்லும் சேவையில் யுத்த காலம் முழுவதிலும் மொத்தம் 168 பெண் விமானிகள் பணியாற்றினர். தொடக்கத்தில் ஆண்களை விடக் குறைந்த சம்பளம் பெற்ற அவர்களுக்கு 1943 இல் சம சம்பளம் கிடைத்தது.

யுத்தத்தின் பின் அவ்விமானம் இருவர் அமரும் பயிற்சி விமானமாக மாற்றப்பட்டு, அயர்லாந்தில் சேவை செய்து, பின்னர் கைவிடப்பட்டது. 1979 இல் நிக் கிரேஸ் என்ற பொறியியலாளர் அதை வாங்கினார். சுமார் ஐந்து ஆண்டுகள் உழைத்துத் திருத்தி, 1985 இல் பறக்கவைத்தார். மனைவி கரோலின் அவுஸ்திரேலியாவில் பிறந்தவர்.

1988 இல் நிக் வாகன விபத்தில் இறந்தார். கரோலினின் கையில் இரண்டு சிறு பிள்ளைகளும் அந்த விமானமும் மிஞ்சின. விற்றிருந்தால் பெருந்தொகை கிடைத்திருக்கும். அவர் விற்கவில்லை. சிறு விமானம் ஓட்டப் பழகியிருந்தாலும், ஸ்பிட்பயர் வேறு விதம். அதன் நீண்ட மூக்குப் பகுதி தரையில் ஓடும்போது முன்னால் இருப்பதை மறைத்துவிடும். இரண்டு ஆசனங்கள் இருந்ததால் பயிற்றுநர் ஒருவருடன் சேர்ந்து பழக முடிந்தது. 1990 இல் தனியே ஓட்டினார். அதன்பின் பல ஆண்டுகள் கண்காட்சிகளில் பறந்தார். 1944 இல் அதை ஓட்டிய ஜக்கியையும் 1994 இல் ஏற்றிக்கொண்டு பறந்தார். 2022 இல் கரோலின் காலமானார். மகன் ரிச்சர்ட் தாய் வழியில் விமானியானார்.

அவருக்கு வசதியும் உதவிக்கு ஆட்களும் இருந்தது உண்மை. எம்மில் பலருக்கு அவை இல்லை. ஆயினும் கணவர் விட்டுச்சென்ற தோணி, வலை, தையல் இயந்திரம், உழவு இயந்திரம், சிறு கடை என ஏதோ ஒன்று சிலரிடம் இருக்கின்றது. "பொம்பிளைக்கு எதுக்கு இது, வித்துப்போடு பிள்ளை" என்று உறவினர் சொல்லலாம். பசியும் கடனும் நெருக்கினால் விற்பதில் தவறில்லை. ஆனால் பிறர் சொல்கிறார்கள் என்பதற்காக அவசரப்படாதீர்கள். முதலில் உரிமைப் பத்திரங்களை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். தொழில் தெரிந்த, நம்பிக்கையான ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மெல்ல மெல்லப் பழகுங்கள். கரோலினும் அப்படித்தான் பழகினார். முதல் நாளே தனியே பறக்கவில்லை.